மாதம் 21,500 வாங்குகிறவருக்கு எந்தக் கட்சி?

என் அத்தை மகன் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் பிரிவில் இருக்கிறான். பன்னிரண்டு வருட அனுபவம். போன வருடம் அவன் சம்பளம் 20,500-லிருந்து 21,500 ஆனது. ஆயிரம் ரூபாய் ஏறியதற்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். கணக்கு இடித்தது பிறகுதான்.

தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். அதைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் பிடித்தம் நின்றுவிடும், அப்புறம் கொஞ்ச காலத்தில் மருத்துவமும் நின்றுவிடும். அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாதாமாதம் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் வரிசையில் நின்று வாங்கிய மாத்திரையை இனி மெடிக்கலில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சரி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அந்தக் கோட்டை அவன் எப்போதோ தாண்டிவிட்டான். அவன் மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது போட்ட விதி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். 20,500-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,46,000. 21,500-ஐப் பெருக்கினால் 2,58,000. இதுவரை யாரும் நிறுத்தவில்லை, ஆனால் பயனாளிகள் பட்டியலை மறுபடி சரிபார்க்கிறார்கள் என்று டிவியில் ஓடினால் அந்த வீட்டில் பேச்சு சட்டென்று அடங்கிவிடும்.

இவன் ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போடுகிறவன். அப்படியானால் இவனைப் பிரதிநிதித்துவம் செய்வது யார்? இதைப் புரிந்துகொள்ள அரசியல் படித்திருக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் 'பிரதிநிதி' என்ற சொல். இதை நாம் மூன்று அர்த்தத்தில் கலந்து கட்டிப் பேசுகிறோம். ஒன்று, நம்மை மாதிரியே வாழ்கிற ஒருவர் பதவியில் இருப்பது. 2022-ல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக வந்த காங்கிரஸ் கட்சியின் சரவணன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். 2021-ல் திருத்துறைப்பூண்டியில் ஜெயித்த இந்திய கம்யூனிஸ்ட் மாரிமுத்து கூரை வீட்டில் இருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். இவர்களைப் பார்க்கும்போது 'அட, நம்மில் ஒருத்தர்' என்று தோன்றுவது இயல்பு. இரண்டாவது, வாழ்க்கை நம்மைப் போல இல்லாவிட்டாலும் மனசுக்கு நம்மவராகத் தோன்றுகிறவர். எம்.ஜி.ஆர். திரையில் ரிக்‌ஷா இழுத்தார், வலை வீசினார், ஏர் ஓட்டினார். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, பல தேர்தல்களுக்கும் போதுமானதாக இருந்தது. மூன்றாவதுதான் விஷயம்: அவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், நம் பிரச்சினையைச் சட்டமாகவோ அரசாணையாகவோ பட்ஜெட் ஒதுக்கீடாகவோ மாற்றினாரா இல்லையா என்பது. 1982-ல் அதே எம்.ஜி.ஆர். முதல்வராக மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது இந்த வகை. முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவது தானாக வரும் என்று நினைப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தவறு. ஏன் வராது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து 'கீழ் நடுத்தர வர்க்கம்'. இதற்கு அரசாங்கத்தில் எந்தச் சான்றிதழும் கிடையாது. கடை ஊழியர், தனியார் பள்ளி ஆசிரியர், கூரியர் ஆபீஸ் கிளார்க், லேப் டெக்னீஷியன், கம்பெனி சூப்பர்வைசர், செக்யூரிட்டி, கால் டாக்ஸி ஓட்டுநர். மாதம் பதினைந்து முதல் இருபத்தைந்து ஆயிரம் கைக்கு வரும், வாடகை வீடு, ஒரு டூவீலர், அதற்கு ஒரு இஎம்ஐ, பிள்ளைகள் தெருமுனை மெட்ரிக் பள்ளியில். ஏழை என்று சொன்னால் கோபம் வரும். வசதி என்று சொன்னால் சிரிப்பு வரும்.

டிவி விவாதத்தில் 'மிடில் கிளாஸ்' என்று பேசுகிறார்களே, அது இவர்கள் இல்லை. 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தபோது நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிய பரிசு என்று எல்லாச் சேனலிலும் கொண்டாடினார்கள். மாதம் 21,500 வாங்குகிறவன் அதற்கு முந்தின வருடமும் வருமான வரி கட்டவில்லை, அந்த வருடமும் கட்டவில்லை, அவனுக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. அவன் கட்டுவது ஜிஎஸ்டி. சோப்பு, ஹெல்மெட், போன் ரீசார்ஜ் எல்லாவற்றிலும் சேர்ந்தே போய்விடுகிறது, ரசீதில் கடைசி வரியைப் படித்தால்தான் தெரியும். ஆக, நடுத்தர வர்க்கத்துக்காகப் பேசும் கட்சி, ஏழைகளுக்காகப் பேசும் கட்சி என்று இரண்டு பேச்சு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் இவன் நிற்கிறான்.

இப்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கட்சிகள் இவனுக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். நிறையச் செய்திருக்கிறார்கள். ரேஷனில் வருமானம் பார்த்து ஆளை வெட்டாத மாநிலம் இது. 2011 முதல் அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். 2016 முதல் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதம் ஆட்சி மாறிய கையோடு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. எங்கள் தெருவில் ஒரு பெண் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் மிச்சம் என்றால் அது அவர்கள் வீட்டில் பெரிய தொகை. இதையெல்லாம் 'இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்' என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அந்தப் பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பார்த்தால் எத்தனை சோம்பேறிகள் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள் என்று தெரியும்.

ஆனால் இந்தப் பட்டியலை மறுபடி ஒரு தடவை பாருங்கள். அரிசி, கரண்ட், உரிமைத் தொகை, பஸ். எல்லாமே இவனை ஒரு வீட்டின் ஆளாக, ஒரு குடும்ப அட்டையாகப் பார்த்துக் கொடுத்தவை. வேலை செய்கிற ஆளாகப் பார்த்து என்ன கொடுத்தார்கள்? சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, பிஎஃப், ஈஎஸ்ஐ, வேலையை விட்டு நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி. இங்கே வந்தால் கட்சிகளின் குரல் திடீரென்று மெலிகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நம் கட்சிகள் வீட்டு வாசல் வரை வருகின்றன, நாம் வேலை பார்க்கும் இடத்துக்கு வருவதில்லை.

ஸ்டூல் கதை

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஜவுளிக்கடை ஸ்டூல்.

பெரிய கடைகளில் ஊழியர்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் கேமராவில் பார்த்துவிட்டு வருவார். காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது, பாதம் வீங்குவது எல்லாம் இந்தத் தொழிலோடு வருகிற நோய்கள். கேரளத்தில் கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் உட்கார இடமும் வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடினார். எந்தப் பெரிய கட்சியின் தொழிற்சங்கமும் இதைத் தொடங்கி வைக்கவில்லை. 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும். அந்த மூலச் சட்டம் 1947-ல் போட்டது. உட்கார ஓர் இருக்கை அதில் ஏற 74 வருடம் ஆகியிருக்கிறது.

சட்டம் வந்ததும் என் அத்தை மகன் கடையிலும் ஸ்டூல் வந்தது. நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல், தளத்துக்கு நாலு. முதல் வாரம் எல்லோரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தார்கள், போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். தீபாவளிச் சரக்கு வந்தபோது அதன் மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டிகள் போன பிறகு பார்த்தால் ஸ்டூலும் போயிருந்தது, இரண்டு மட்டும் மேனேஜர் அறைக்கு வெளியே கிடந்தன. யாரும் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், கொடுத்தவன் பெயர் மாலைக்குள் கடைக்குத் தெரிந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை. அது உண்மையோ பொய்யோ, அந்த நம்பிக்கையே போதும் வாயை மூட.

இந்தக் கதையில் கட்சி செய்ததும் இருக்கிறது, செய்யாததும் இருக்கிறது. சட்டம் போட்டது நிஜமான பிரதிநிதித்துவம்தான். ஆனால் சட்டத்துக்கும் அந்த நாலு ஸ்டூலுக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். சங்கம் இருக்கிற இடத்தில் அந்த ஆள் இருப்பார். ஜவுளிக்கடையில் சங்கம் இல்லை.

வேலை நேரமும் அப்படித்தான். 2019-ல் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசாணை வந்தபோது, ஊழியருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம்தான், ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை என்றெல்லாம் நிபந்தனை போட்டார்கள். இவன் காலை ஒன்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு பத்தரைக்குத் திரும்புகிறான். மாதத்தில் இரண்டு நாள் லீவு. ஆடித் தள்ளுபடி சமயத்தில் அதுவும் இல்லை.

சங்கம் இருந்தால் என்ன நடக்கிறது

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, ஆனால் விரும்புகிற ஆலைகள் அரசின் அனுமதியோடு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், நாலு நாளில் வாரத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அரசு விளக்கம் சொன்னது. முதலீடு வரும் என்பது காரணம். கூட்டணியில் இருந்த இடதுசாரிகள், காங்கிரஸ், விசிக, மதிமுக வெளிநடப்பு செய்தார்கள். சங்கங்கள் கொதித்துப் போயின. அப்போது ஆளும் கட்சியாக இருந்த திமுகவின் சொந்தச் சங்கமான தொமுசவும் எதிர்ப்புச் சொன்னது. ஏப்ரல் 24-ஆம் தேதி சங்கங்களோடு பேசிவிட்டு அரசு நிறுத்தி வைத்தது. மே 1-ஆம் தேதி, மே தினப் பூங்காவில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்து நாள்.

புதிதாக அரசியல் கவனிக்கிறவர்கள் இந்தப் பத்து நாளை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர்களின் தோழன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கட்சிதான் அதைக் கொண்டுவந்தது. அதே கட்சிதான் திரும்பப் பெற்றது. நடுவில் அதன் கொள்கை மாறிவிடவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆள் இருந்தது, அமைப்பு இருந்தது, கூட்டணிக் கணக்கு இருந்தது. கட்சி என்பது ஒரு தராசு மாதிரி. எந்தத் தட்டில் எடை வைக்கிறார்களோ அந்தப் பக்கம் சாயும். ஆலைத் தொழிலாளிக்கு எடைக்கல் இருக்கிறது. கடை ஊழியருக்கு இல்லை.

அரசு ஊழியர்களைப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். 2003-ல் வேலைநிறுத்தம் செய்தபோது ஜெயலலிதா அரசு, அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கியது. பின்பு பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் காயம் ஆறவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு 39-ல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தோற்றதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கூட்டணிக் கணக்கும் பெரிய காரணம். ஆனால் முடிவு வந்த அதே மாதத்தில் தான் எடுத்த கடுமையான நடவடிக்கைகளில் பலவற்றை ஜெயலலிதாவே ரத்து செய்தார். அன்றிலிருந்து எந்தக் கட்சியும் அரசு ஊழியரிடம் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று 2021 திமுக தேர்தல் அறிக்கையில் இடம்பெற்றது அதனால்தான்.

தனியார் ஊழியரின் ஓய்வூதியம் என்ன தெரியுமா? பிஎஃப்போடு சேர்ந்து வரும் அந்தப் பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் வைத்தது. 7,500 ஆக்கச் சொல்லி அந்தப் பென்ஷன்தாரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே 2014-ல்தான் பிஎஃப் சம்பள வரம்பு 6,500-லிருந்து 15,000 ஆனது, அப்புறம் பத்து ஆண்டுகளுக்கு மேல் அது நகரவே இல்லை. ஈஎஸ்ஐயின் 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. 2017-ல் வீட்டு வாடகை என்ன, இன்று என்ன என்று யோசித்துப் பாருங்கள். எம்பி சம்பளம் விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தானாக ஏறுகிறது. இந்தக் கோடுகளுக்கு அப்படி எதுவும் இல்லை, யாராவது தள்ளினால்தான் நகரும்.

ஏன் இப்படி

காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு கட்சியில் மேலே வர வேண்டுமென்றால் கீழே இருந்து வர வேண்டும்: கிளை, வட்டம், பகுதி, ஒன்றியம், மாவட்டம். அதற்குத் தினமும் சுற்ற வேண்டும். துக்க வீட்டுக்குப் போக வேண்டும், காதுகுத்துக்குப் போக வேண்டும், ஸ்டேஷனில் ஒரு பஞ்சாயத்து என்றால் பகல் பதினொரு மணிக்குப் போய் நிற்க வேண்டும், மாவட்டச் செயலாளர் ரயிலில் வந்து இறங்கினால் பிளாட்பாரத்தில் சால்வையோடு இருக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு யாரால் போக முடியும்? காண்ட்ராக்ட் எடுப்பவர், ரியல் எஸ்டேட் செய்பவர், ஃபைனான்ஸ் விடுபவர், வக்கீல், சொந்தக் கடைக்காரர். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவனால் முடியாது. அவன் அதிகபட்சம் பூத் ஏஜென்டாக ஒரு நாள் உட்காரலாம், அதற்கும் லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டும். இப்படித்தான் யாரும் சதி செய்யாமலேயே கட்சியின் நடு அடுக்கு முழுக்க முதலாளி ஜாடையுள்ள ஆட்களால் நிரம்பிவிடுகிறது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் குறைந்தபட்சக் கூலியை உயர்த்துங்கள் என்று ஒரு கூட்டத்தில் யாராவது பேசினால், அந்த அறையில் இருக்கிற பாதிப் பேருக்கு அது தங்கள் செலவுக் கணக்கு.

பணத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. அதைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். பெரிய மாநிலங்களில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் 2022 முதல் வைத்திருக்கும் உச்ச வரம்பு 40 லட்சம். மாதம் 21,500 வாங்குகிறவன் சாப்பிடாமல் சேர்த்தால் பதினைந்தரை வருடம். அதுவும் கணக்கில் காட்டுகிற செலவுக்குத்தான். நிஜச் செலவு என்ன என்று தொகுதியில் டீக்கடை வைத்திருக்கிறவரைக் கேட்டால் சொல்வார். 2024-ல் மக்களவைக்கு ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்று அவர்களே கொடுத்த பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்த ஏடிஆர் அமைப்பு சொன்னது. கட்சிக்கு வரும் பணம் தனி. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரங்கள் வழியாக பாஜகவுக்கு வந்தது 6,986 கோடி என்று வெளியானது, திமுகவுக்கு 656 கோடி. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் வாங்கவில்லை. கொடுத்தவர்கள் கம்பெனிகளும் பணக்காரர்களும், பில் போடுகிற ஊழியர்கள் இல்லை.

ஓட்டு இருக்கிற இடமும் ஒரு சிக்கல். தேனிக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ஓட்டு தேனியில். திருநெல்வேலிப் பையன் தி.நகர் கடையில் இருக்கிறான், கடை கொடுத்த ஹாஸ்டலில் தூங்குகிறான், ஓட்டு ஊரில். அவனுடைய வேலை நேரம் தி.நகர் எம்எல்ஏவின் கவலை இல்லை, அவன் அங்கே வாக்காளர் இல்லையே. ஊர் எம்எல்ஏவுக்கு அவன் ஒரு பொங்கல் விருந்தாளி. வேட்பாளர் பட்டியல் போடும்போது தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். கடை ஊழியர் எத்தனை சதவீதம் என்று எந்தக் கட்சி ஆபீஸிலாவது ஒரு தாள் இருக்குமா? சந்தேகம்தான்.

இதெல்லாம் தாண்டி நம்மவர் ஒருவர் ஜெயித்தே விட்டார் என்று வையுங்கள். அப்போதும் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவுக்கு எதிராக ஓட்டுப் போட்டாலோ, ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளாமல் இருந்தாலோகூடப் பதவி போகலாம். ஆள் விலைக்குப் போவதைத் தடுக்க வந்த சட்டம், நல்ல நோக்கம்தான். ஆனால் 12 மணி நேர மசோதா மாதிரி ஒன்று வரும்போது ஆளும் கட்சியில் ஒரு முன்னாள் தொழிலாளி எம்எல்ஏ இருந்தாலும் அவர் கை தூக்கித்தான் ஆக வேண்டும். நம்மைப் போலவே வாழ்கிறவர் போனால் நம் வேலை தானாக நடந்துவிடும் என்று நினைப்பது தவறு என்று மேலே சொன்னது இதனால்தான்.

இடதுசாரிகளைப் பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்யும் இடத்தில் காலை வைத்திருக்கிற கட்சிகள் இங்கே அவர்கள்தான். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் திருப்பூர் எம்பி சுப்பராயன் அந்தக் கட்சியின் தொழிற்சங்கமான ஏஐடியுசியிலிருந்து வந்தவர். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது பின்னால் நின்றது மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கமான சிஐடியு. கேட்டதில் முக்கியமானது சங்கத்தைப் பதிவு செய்வது, அது 2025 ஜனவரியில் நடந்தது. ஒரு சங்கத்துக்குப் பதிவு எண் வாங்கவே இவ்வளவு பாடு. ஆனால் அவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நூறு பேர் ஒரே கேட்டில் நுழைகிற ஆலையில் சங்கம் கட்டத் தெரியும். பத்துப் பேர் வேலை பார்க்கிற கடை, ஆறு டீச்சர் இருக்கிற நர்சரிப் பள்ளி, ஏஜென்சி மூலம் வந்த செக்யூரிட்டி, இவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது அவர்களுக்கும் இன்னும் பிடிபடவில்லை. அதோடு பெரும்பாலான தேர்தல்களில் பெரிய கட்சி கொடுக்கிற சில சீட்டுகளில்தான் அவர்கள் நிற்கிறார்கள். வீட்டுக்காரரோடு சண்டை போடுகிற வாடகைக்காரர் எவ்வளவு சத்தமாகப் பேச முடியுமோ அவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு கட்சி நமக்கானதா என்று எப்படிப் பார்ப்பது? நான் செய்கிற வழி ஒன்று உண்டு. தேர்தல் அறிக்கையை எடுத்து, வீட்டுக்கு வருகிற எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிடுவேன். கேஸ் சிலிண்டர், தொகை, லேப்டாப், தள்ளுபடி எல்லாம். வேண்டாம் என்று இல்லை, அது தனிக் கணக்கு. மிச்சம் இருப்பதில் சம்பளம், வேலை நேரம், பிஎஃப், ஈஎஸ்ஐ என்ற சொற்கள் எத்தனை தடவை வருகின்றன, அதில் 'வலியுறுத்துவோம்' எத்தனை, 'செய்வோம்' எத்தனை என்று எண்ணுவேன். மாநிலக் கட்சி ஈஎஸ்ஐ வரம்பைப் பற்றி 'வலியுறுத்துவோம்' என்றுதான் சொல்ல முடியும், அது ஒன்றிய அரசின் கையில். ஆனால் குறைந்தபட்சக் கூலி, கடைகள் சட்டம், ஆய்வாளர் நியமனம் மாநிலத்தின் கையில். அங்கேயும் 'வலியுறுத்துவோம்' என்றால் ஏதோ தப்பு. ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையின்போது தொழிலாளர் துறைக்கு ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறார்கள், இணையத்தில் கிடைக்கும், தமிழிலேயே இருக்கும். எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது என்பதை அதில் தேடிப் பார்க்கலாம். வேட்பாளர் மனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐயும் பாருங்கள். எல்லோரும் சொத்து மதிப்பைத்தான் பார்க்கிறார்கள், தொழில் என்ன என்று எழுதியிருக்கிற இடத்தையும் படியுங்கள். எம்பி என்றால் மக்களவையில் என்ன கேள்வி கேட்டார் என்பதும் பொதுவில் இருக்கிறது. நம் ஊர் எம்பி ஈஎஸ்ஐ வரம்பைப் பற்றி ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா என்று தேட ஐந்து நிமிடம் போதும்.

போன தேர்தலில் எங்கள் தெருவுக்கு வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நாளை வைத்திருப்பார்கள் போல. மேளம், பட்டாசு, ஆரத்தி. அத்தையின் கையைப் பிடித்து "என்னம்மா குறை இருக்கு, சொல்லுங்க" என்றார். அத்தை தண்ணீர் வராததைச் சொன்னார், அவர் பக்கத்தில் இருந்தவர் நோட்டில் எழுதிக்கொண்டார். என் அத்தை மகன் அப்போது கடையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம், அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. இரவு பத்தரைக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வந்தாங்களா?" என்று கேட்டான்.